இரண்டு குவாச்சா

காலை ஏழு மணிக்குத் தகட்டைத் துடைப்பேன்.
ஈரத்துணி ஒரு முறை, உலர்துணி ஒரு முறை.
இரவெல்லாம் தூசி படுத்திருக்கும் அதன் மேல்,
சில நாள் பக்கத்து வீட்டுச் சேவலும்.

சினாசோங்வே போகும் சாலையில்
தகரக் கூரைக் கடை.
பலகையில் என் பெயரை எழுதினேன், சிபேகோ என்று.
கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் போனது;
அது மட்டும் சுவரில் இருக்கிறது.

முழு சார்ஜ் இரண்டு குவாச்சா, பாதி ஒன்று.
பாதிக்குக் கொடுத்துவிட்டு
முழுசாக ஏறியதா என்று எட்டிப் பார்ப்பார்கள்.
வெயிலை அளந்து விற்பவளிடம்
பேரம் பேசாதவர் யார்?

போனுக்கு ஒரு பாட்டில் மூடி, அதில் எண்.
அதே எண்ணில் ஜோடி மூடி அவர்கள் கையில்.
ஆணியில் தொங்கியபடியே அடிக்கும் போன்கள்.
எடுக்க மாட்டேன். கண் மட்டும் படிக்கும்:
மூன்றைக் கூப்பிடுகிறவர் 'கடன்காரன்'.
ஒன்பதைக் கூப்பிடுவது 'மனைவி',
கொஞ்சம் கழித்து 'மனைவி புதுசு'.
இந்தச் சாலையின் ரகசியம் முழுக்க
ஐம்பது வாட்டில் ஓடுகிறது.

அடுத்த பரணில் முலேயாவின் கப்பெண்டா மீன்,
ஒடிந்த வெள்ளி ஊசிகள் மாதிரி,
அதே வெயிலில் காய்கிறது.
மேகம் வந்தால் இருவருமாக வானத்தைத் திட்டுவோம்.
அவள் டோங்கா மொழியில்,
நான் எண்களில்:
பன்னிரண்டு வோல்ட், பதினொன்றரை, பதினொன்று...

தலைக்கு மேல்தான் போகிறது
அணையிலிருந்து வரும் பெரிய கம்பி.
மழைக்கு முந்தின இரவுகளில் வண்டாக முரலும்.
அந்த அணைக்காகத்தான்
நதிக்கரையிலிருந்து லாரியில் அள்ளி
இந்தக் கல்மேட்டில் கொட்டினார்கள் எங்கள் ஆட்களை.
தண்ணீர் வருகிற வழியென்று விலகினோம்.
மின்சாரம் போகிற வழியில் நிற்கிறோம்.
லுசாக்காவுக்கு ஓடும் அவசரம் அதற்கு,
இறங்க நேரமில்லை.

இந்த வருடம் மழை பொய்த்தது.
ஏரி கீழே கீழே போய்
பாறைகளின் இடுப்பு தெரிந்தது.
கம்பி முரலவில்லை.
லுசாக்காவில் நாளுக்கு மூன்று மணி நேரம்தான் கரண்ட் என்று
தம்பி லுயாண்டோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே
அவன் போன் அணைந்தது.

அந்த வாரம்தான் அவர் வந்தார்.
மஞ்சள் தொப்பி, நீலச் சீருடை,
நெஞ்சில் மின் கம்பெனியின் முத்திரை.
கோபுரம் கோபுரமாகப் பார்த்துக்கொண்டு நடக்கிறாராம்.
செத்த போனை நீட்டினார்.
பலகையைப் படித்தார், சுவரில் மிச்சத்தைப் படித்தார்,
அண்ணாந்து கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நிறையச் சொல்லியிருக்கலாம்.
அந்தச் சட்டையிடம் கேட்பதற்கென்றே
வருடக்கணக்காகச் சேர்த்த கேள்விகள்
தொண்டையில் வரிசை கட்டின.
வரிசையில் அவரும் நின்றார்,
பூசணி விற்பவளுக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் நடுவில்.
பதினான்காம் மூடியைக் கொடுத்தேன்.

"சீக்கிரம் ஆகுமா?"
"மேகத்தைக் கேளுங்கள்."

கோபுரத்தடியில் போய்ப் படுத்தார்.
இரும்பின் நிழல் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து
வலையில் சிக்கிய மீன் மாதிரி தூங்கினார்.

இரண்டு மணிக்குப் பதினான்குக்கு உயிர் வந்தது.
வந்ததுமே அடித்தது. 'வீடு.'
நின்றது. மறுபடி 'வீடு.'
ஐந்தாம் தடவை என் வழக்கத்தை உடைத்தேன்.
ஒரு சிறுமி, மூச்சுவிடாமல்:
"அப்பா, கரண்ட் எப்போ வரும்?"

"அப்பா தூங்குகிறார்" என்றேன்.
அது பொய்யில்லை.
"நீங்க யாரு?"
அதற்குத்தான் கொஞ்சம் யோசித்தேன்.
"கரண்ட் விற்கிறவள்."

எழுந்து வந்து பத்து குவாச்சா நோட்டை நீட்டினார்,
மீதி வேண்டாமென்றார்.
எட்டை எண்ணி உள்ளங்கையில் வைத்தேன்.
கணக்கு சரியாக இருக்கட்டும்,
நமக்குள் பாக்கி வேறு இருக்கிறது.

நாலடி போய்த் திரும்பினார்:
"இந்தத் தகடு என்ன விலை?"
சொன்னேன்.
உதடு அசைய அதை மனசில் எழுதிக்கொண்டார்.

மூடியைத் தர மறந்துவிட்டார், நானும் கேட்கவில்லை.
இப்போதெல்லாம் என் ஆணிகளில்
பதின்மூன்றுக்குப் பிறகு பதினைந்து.