காற்றுக்கு எண் இடுதல்

புயல் போன இரண்டாம் நாள் வருகிறோம்,
நானும் டுவேன் ஸ்டெலிக்கும்,
அளவு நாடா, கேமரா, ஆறிப்போன காப்பியுடன்.
நெப்ராஸ்காவின் இந்த மண்சாலையை
எங்களுக்கு முன் கடந்தது
பதினோரு மைலைப் பதினெட்டு நிமிஷத்தில் முடித்திருக்கிறது.
நாங்கள் காலையிலிருந்து நாலு மைல்.

மரங்கள்தாம் முதலில் வாய் திறக்கும்.
தெற்கு ஓரத்தில் விழுந்தவை
வடக்கே தலைவைத்துப் படுத்திருக்கின்றன.
வடக்கு ஓரத்தில் விழுந்தவை தெற்கே.
இரண்டு வரிசைத் தலைகளும்
ஒன்றையொன்று பார்க்கும் இடத்தில்
நடந்து போயிருக்கிறது அது.
டுவேன் அங்கே ஒரு கொடி நடுகிறான்.

தகரக் குதிர் ஒன்று
பிழிந்து எறிந்த துணி.
கால்மைல் நீளப் பாசனக் குழாய்
மிதிபட்ட பூரான்போலப் புரண்டு
சக்கரக் கால்கள் வானத்தை நோக்கி.
எழுதிக்கொள்கிறேன்.

காற்றை யாரும் அளப்பதில்லை.
உடைந்ததை விசாரித்து
உடைத்ததன் பலத்தைக் கணிக்கிறோம், அவ்வளவே.
பிறகு ஒரு மைலுக்கு வெறும் வயல்.
சோளம் இன்னும் விரல் உயரம் வரவில்லை.
போன வருஷத்து அரிதாளை
வேரோடு வழித்து, கறுப்பு மண்ணில்
சுருள் சுருளாய்க் கீறியிருக்கிறது.
இங்கேதான் அதற்கு முழு வெறி என்பான் டுவேன்.
இருக்கலாம்.
உடைய ஒன்றுமில்லாத இடத்தில் காற்றுக்கு எண் கிடையாது.
படிவத்தில்: அறிய இயலவில்லை.

லிப்பி ருஜிச்காவின் வீட்டில்
அடித்தளம் மட்டும் பெருக்கிவிட்டதுபோல் சுத்தமாக.
நிலவறைப் படியில் உட்கார்ந்து
யாரோ கொண்டுவந்த சாண்ட்விச்சைப்
பிரிக்காமலே பிடித்திருந்தாள்.
"என்ன நம்பர்?" என்றாள்.
எல்லோரும் கேட்பது இதைத்தான்.
நாலு என்றால் கொஞ்சம் ஆறுதல்.
ஐந்து என்றால் பெருமைகூட.

நான் குனிந்து சட்டக் கட்டையைத் திருப்பினேன்.
வெறும் ஆணிகள்.
கான்கிரீட்டில் ஒரு போல்ட்கூட இல்லை.
எதிர்ப்பக்கம் போஸ்பிஷில் வீட்டில்
போல்ட் இருந்தது, சுவர் பாதி நின்றது.
ஆணி அடித்த வீட்டைத் தள்ள
அவ்வளவு காற்று வேண்டாம், அம்மா.
இரண்டுதான் போட முடியும்.

சொல்லிவிட்டு என் பூட்ஸைப் பார்த்தேன்.
இந்த எண் காற்றுடையது இல்லை,
எழுபத்து நாலில் சுத்தியல் பிடித்த
ஒரு மனிதனுடையது.

"லாடி," என்றாள், கூப்பிடுவதுபோல.
பதினோரு வருஷமாய்
சர்ச்சுக்குப் பின்னால் இருப்பவன்.
"போல்ட்டுக்கு ஒதுக்கிய பணத்தில்
அக்கார்டியன் வாங்கி வந்தான்.
மூன்று வாரம் நான் பேசவில்லை."
நன்றாக வாசிப்பாரா என்றான் டுவேன்.
அவனுக்கு எப்போதும் வாய் நிற்காது.
"கேவலமாக."
சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாகி,
சாண்ட்விச் கீழே விழுந்தது.
எடுத்துக் கொடுத்தேன்.

"படுக்கையறை அலமாரியில் இருந்தது அது.
வழியில் பார்த்தால் போன் பண்ணு."

மீதி ஏழு மைலும்
மரம் எண்ணும்போதே
வேலிக் கம்பிகளில், ஓடையில்,
யாருடைய ஜமுக்காளமோ தொங்கிய எல்ம் மரத்தில்
கறுப்புப் பெட்டி தேடினேன்.
கிடைக்கவில்லை.
ஓரிடத்தில் டுவேன் ஓடினான்.
டிராக்டர் பேட்டரி.

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு அவளே அழைத்தாள்.
எண்ணை மாற்றச் சொல்லப் போகிறாள் என்று
கோப்பைத் திறந்து வைத்தேன்.
"அந்த போல்ட்," என்றாள், "என்ன அளவு?"
அரை அங்குலம் தடிமன்.
கான்கிரீட்டுக்குள் ஏழு அங்குலம் இறங்கணும்.
ஆறடிக்கு ஒன்று, மூலைகளில் கூடுதலாக.
பென்சில் கீறும் சத்தம் கேட்டது.
மொத்தம் எவ்வளவு ஆகும்?
தோராயமாகச் சொன்னேன்.
நீண்ட நேரம் ஒன்றும் இல்லை.
வெளியில் எங்கோ ஒரு ஜெனரேட்டர் மட்டும்.

"அக்கார்டியனைவிட மலிவு," என்றாள்.