கையெழுத்துக் கோப்பு

இருபத்தேழு வயதில், குரூஸ் மாவட்டத்தில்,
துணை ஆட்சியராக அவர் இட்ட முதல் கையெழுத்தில்
அன்செல்ம் விதலாங்க் என்று
ஓர் எழுத்தும் விடுபடவில்லை.
ஆடு வளர்ப்பவர் ஒருவருக்கான மானிய ஆணை அது.
ஈரம் காயும்வரை ஊதினாராம்.

நான் சேர்ந்தபோது
பெயரின் முன்பாதி கழன்றிருந்தது.
நாளைக்கு இருநூறு தாள்.
கோப்பைத் திறந்து பிடித்துக்கொண்டு
இளஞ்சிவப்பு ஒற்றுத்தாளைத் தள்ளிக்கொண்டே போவேன்.
இரண்டு வருடத்துக்கு ஒரு மாவட்டம்.
புதன்கிழமை அமைச்சரவை கூடும்,
வியாழன் அட்டைப்பெட்டிகள் வந்துவிடும்.
சீருடைக் காலரில் வெள்ளி இழையில் ஓக் இலைகள்;
உதிரத் தெரியாத மரம் என்பாள் மனைவி.
ஐந்தாவது ஊருக்கு அவள் வரவில்லை.

அலியே ஆறு கரை உடைத்த ஆண்டு
பள்ளத்தில் இருந்த அறுபத்தொரு வீடுகளை
இடிக்கச் சொல்லும் ஆணைகள்.
அதற்குள் அவர் கையெழுத்து
ஒரு கொக்கி, ஒரு வால், அவ்வளவே.
தொலைபேசியில் பேசியபடியே போட்டார்.
சரியான முடிவுதான். இன்றும் சொல்வேன்.
அடுத்த வெள்ளம் அங்கே
நாணலைத் தவிர எதையும் கொண்டுபோகவில்லை.

பிறகு அரசியல்.
ஏழு வருடம் கழித்து, தூறலில்,
அதே ஊர்ச் சந்தையில்,
பாலாடைக்கட்டிக் கடைக்கும் கோழிக்கூண்டுகளுக்கும் நடுவே
"நான் அன்செல்ம் விதலாங்க்" என்று
முழுதாகச் சொல்லப் பழகிக்கொண்டிருந்தார்.
துண்டறிக்கைக்குக் கை நீட்டாமல்
சொலாஞ்ச் பெய்ரா என்றொரு பெண்,
பூண்டுத்தாள் கட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி,
"தெரியும். உங்கள் கையெழுத்து
என் சமையலறை இழுப்பறையில் இருக்கிறது.
புது வீட்டுச் சமையலறை" என்றாள்.

நாங்கள் குடைகளைப் பார்த்தோம்.
அவர்தான் கேட்டார்:
"படிக்க முடிகிறதா?"
"இல்லை.
யாருடையது என்று விசாரிக்கவே
ஒரு வாரம் ஆனது."

நாற்பத்துமூன்று வாக்கில் வென்றார்.
அவள் வாக்கு அதில் உண்டா, தெரியாது,
அவரும் கேட்டதில்லை.
இரண்டு முறை பாராளுமன்றம்.
பின்வரிசை. குரல் எடுபடவில்லை.
வெள்ள இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரே ஒரு திருத்தம்:
ஆணையில் ஒப்பமிடுபவரின் பெயர்
படிக்கும்படி அச்சிடப்பட வேண்டும்.
இரவு இரண்டு மணிக்கு, பதினேழு பேர் இருந்த அவையில்,
அது நிறைவேறியது.
மூன்றாம் முறை தோற்றார். பெரிதாகவே.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன்.
பதிவுத்தபால் வந்தது.
விரலால் ஒப்பமிடச் சொல்லி
தபால்காரி சின்னத் திரையை நீட்டினாள்.
கொக்கியும் வாலும் போதும்,
அவளுக்கு வேறு தெருக்கள் இருந்தன.
அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.
எழுதினார், அழித்தார், திரும்ப எழுதினார்.
விதலாங்கின் பாதியிலேயே
திரை முடிந்துவிட்டது.