இருநூற்று இருபது சென்டிமீட்டர்

தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே
பெல்ட்டுகளுக்குப் பணம் கட்டிவிடுவேன்.
தம்பெரேயிலிருந்து பெட்டி வந்து சேர வேண்டுமே.
கழகத்தின் கணக்குப்பிள்ளை நான்,
ஜூடோவில் ஒரு பிடிகூடத் தெரியாது.
தெரிந்ததெல்லாம் இடுப்பளவு:
இரண்டு சுற்று, ஒரு முடிச்சு,
தொங்குவதற்கு இரண்டு வால்.
அலீசாவுக்கு இருநூறு.
தூரேவுக்கு இருநூற்று இருபது.
ஆக, யார் யார் தேறுவார்கள் என்று
தேர்வாளருக்கும் முன்பே
என் அலமாரி முடிவுசெய்திருந்தது.

டிசம்பர். காயானியில் மூன்று மணிக்கே இருட்டு.
பள்ளிக்கூட அரங்கில்
கூடைப்பந்துக் கோடுகளை மறைத்துப் பச்சைப் பாய்கள்,
வாசலில் பனி உருகி நிற்கும் பூட்ஸ் வரிசை.
வணங்கு. விழு. பாயை அறை. எழுந்திரு.
விழுவதற்கும் இங்கே மதிப்பெண் உண்டு.
என் கணக்குப் புத்தகத்தில் அப்படியொரு பத்தி கிடையாது.

தூரே நன்றாகத்தான் வீசினான்,
தன்னைவிடத் தடித்த வெய்க்காவை
வலப்பக்கம், பிறகு இடப்பக்கம்.
வீச்சின் பெயரைக் கேட்டபோது
கூரையைப் பார்த்தான், அங்கிருந்து எடுத்துச் சொன்னான்.
தான் விழும்போதுதான்
ஒவ்வொரு முறையும் கை முந்திக்கொண்டு
தரையைத் தேடியது.
மணிக்கட்டு ஒடிந்துவிடும் என்றார் ஹில்க்கா.
அவன் பெயருக்கு நேரே 'மே' என்று மட்டும் எழுதினார்.

பதினோரு பேர் வெள்ளையை அவிழ்த்தார்கள்.
தூரே தன்னுடையதை இறுக்கிக் கட்டினான்.
அழவில்லை. நேராக என் மேசைக்கு வந்தான்.
"எனக்கும் வாங்கிட்டீங்களா?"
"வாங்கிட்டேன்."
"அப்போ நஷ்டமா?"
ஒன்பது யூரோ, என்றேன்.
எட்டு வயதுக்காரனிடம் எதற்குப் பொய்.

காகித வளையம் பிரியாத மஞ்சள் பெல்ட்
துடைப்பத்துக்கும் முதலுதவிப் பெட்டிக்கும் நடுவே
குளிர்காலத்தைக் கழித்தது.
செவ்வாய்தோறும் கதவுக்கு அப்பால்
தப், தப் என்று
யாரோ விழுந்துகொண்டே இருந்தார்கள்.

மே. இரவு ஒன்பதுக்கும் வெயில்.
இம்முறை கை எதையும் தேடவில்லை,
முழங்கை முதல் விரல்வரை ஒரே அறை.
ஹில்க்கா தலை நிமிராமல் ஒரு டிக் போட்டார்.

காகிதத்தை நான்தான் கிழித்தேன்.
இரண்டு சுற்று, ஒரு முடிச்சு...
மிஞ்சியது ஆட்டுக்குட்டி வால் அளவுதான்.
பையன் பருத்திருந்தான்,
அண்ணனின் தடித்த உடை வேறு.
இருநூற்று நாற்பது வரவழைக்கிறேன் என்றேன்.
"மறுபடியும் நஷ்டமா?" என்றவன்
பதிலுக்கு நிற்கவில்லை.
வயிற்றை எக்கிக்கொண்டு பாய்க்கு ஓடினான்,
முடிச்சு அவிழ, கட்ட,
மீண்டும் அவிழ.