தொடரும்

மர்ஃபி டவுன் வீட்டின் காத்தா
இன்னும் பூங்காவனம் பேரில்தான் இருக்கிறது.
பூங்காவனம் செத்து எழுபத்தொரு வருஷம்.
மாற்ற வேண்டுமானால்
வம்சவிருட்சம் கொண்டுவா என்றார்கள்.
மரத்துக்கு எங்கே போவது.

பரண்மேல் பிஸ்கட் டின்னில் ஒரு நோட்டு கிடைத்தது.
பூங்காவனம் குதிரைக்காரர்,
தண்டுப் பட்டாளத்து லாயத்தில்.
பென்சிலை எச்சில் தொட்டுத் தொட்டு
ஊதாவாக எழுதியிருக்கிறார்.

நோட்டு முழுக்கப் பேர்கள்.
டச்சஸ். சார்ஜன். தவிட்டுராசு. போதும்பொண்ணு.
மூணேகாலணா. லாந்தர். பீரங்கி.
எது பிள்ளை எது குதிரை என்று
ஒரு வார்த்தை இல்லை.

நானும் டில்லிபாபுவும் உட்கார்ந்து பிரித்தோம்.
டில்லிபாபு பெரியப்பா மகன்,
ஓசூரைத் தாண்டிப் போனதில்லை.
லாடம் எட்டணா என்றிருந்தால் குதிரை.
கிரைப் வாட்டர் என்றிருந்தால் பிள்ளை.
கொள்ளு என்றிருந்தால்
இரண்டாகவும் இருக்கலாம் என்றான்,
சளிக்குக் கொள்ளு ரசம் வைப்பார்களே.

பீரங்கி குதிரை.
வெடிச் சத்தத்துக்குப் பயம்
என்று பக்கத்திலேயே குறித்திருக்கிறது.

டச்சஸ் பிள்ளை.
அந்தப் பேரில் ஒரு பெண்குதிரை செத்த வாரம் பிறந்தவள்.
அல்சூர் மார்க்கெட்டில் கீரை விற்ற டச்சத்தை!
டச்சுக்காரன் வீட்டில் வேலை பார்த்தவள்
என்றல்லவா நினைத்திருந்தோம்.

மூணேகாலணாவும் பிள்ளைதான்.
முன்னால் இரண்டு தங்கவில்லை என்று
லாயத்துப் பக்கத்துவீட்டு மஸ்தான் பீவியிடம் கொடுத்து
மூணேகால் அணாவுக்குத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள்.
எமனுக்குக் கணக்கு வராது என்ற தைரியம்.
எண்பத்தாறு வயது இருந்தார்.
பள்ளிச் சான்றிதழில் எம்.கே. அண்ணாமலை.
அப்பா பேர் பூங்காவனம்,
இனிஷியல் எப்படி எம்.கே. என்று கேட்டால்
வெற்றிலைப் பெட்டியைத் தேடுவார்
என் தாத்தா.

லாந்தர் இன்னும் தீரவில்லை. கொள்ளு மட்டும்தான்.

பெண்கள் வரிசை இப்படிப் போகிறது:
போதும்பொண்ணு.
போதவில்லை.
அடுத்தவள் சம்பூரணம்.
அவளுக்கும் அடுத்தவள் மங்களம்,
கச்சேரி முடிந்தது, எழுந்து போகலாம்.

கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு வரி.
'பெண் ஒன்று. மார்கழி. வெள்ளை. மூன்று நாள்.'
லாடம் இல்லை. கிரைப் வாட்டர் இல்லை.
குட்டியாக இருக்கும், என்றான் டில்லிபாபு,
நம்ம வீட்டில் யார் வெள்ளையாகப் பிறந்தார்கள்.
சொல்லிவிட்டு சிகரெட் பிடிக்க வெளியே போனான்.
அந்த வரியில் மட்டும் ஊதா
ரொம்ப அடர்த்தியாகக் கசிந்திருந்தது.
எச்சில்தான் என்று வைத்துக்கொண்டோம்.

நாட கச்சேரியில் டோக்கன் நூற்றுப் பதினேழு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
டச்சஸைக்கூட முகம் மாறாமல் தட்டினார்.
போதும்பொண்ணுவில் ஒருதரம் நிமிர்ந்தார்.
கடைசிப் பெட்டிக்கு வந்ததும், ஹெசரு?
பேர் வைக்கவில்லை சார்,
மூன்று நாள்தான் இருந்தாள்.
இருந்தாள் என்று சொல்லிவிட்டேன்.
டில்லிபாபு என்னைப் பார்த்தான்.
காலியா விட்டா சிஸ்டம் எடுக்காது மேடம்.
பின்னால் நூற்றுப் பதினெட்டு இருமியது.

மூன்று முறை கதவைச் சாத்திய வீட்டில்
நாலாவதாக வந்து தட்டியவளுக்கு
அந்த நிமிஷத்தில் என்னதான் வைப்பது.
தொடரும், என்றேன்.
ஏனு?
தொ ட ரும்.

முத்திரை குத்திய காகிதத்தை
வெளியே வந்து வெயிலில் படித்தோம்.
கன்னடத்தில் தொட்டம்மா என்றிருந்தது.
பெரியம்மா.
போதும்பொண்ணுவுக்கும் சம்பூரணத்துக்கும் மூத்தவள்போல
மரத்தின் கடைசிக் கிளையில்
மூன்று நாள் பெரியம்மா.

திருத்தணும்னா மறுபடி டோக்கன், என்றான்.
வேண்டாம் விடு.
ஆட்டோவில் ஏறி டிரினிட்டி தாண்டும்வரை பேசவில்லை.
அப்புறம் மெல்லக் கேட்டான்:
ஒருவேளை குதிரையா இருந்தா?

இருந்தாலும் பெரியம்மாதான், என்றேன்.