எதில போனது

பஸ்ஸில் ஊன்றுகோலைக் கண்டதும்
கண்டக்டர் முன் இருக்கையைக் காட்டினான்.
அதில் இருந்த அம்மா ஒதுங்கி இடம் விட்டுக் கேட்டா:
"எதில போனது பிள்ளை? செல்லா?"

வலைப்பந்தில் என்றேன்.

அவவுக்கு விளங்கவில்லை.
பரந்தன் சந்தியில் இரைச்சல் அடங்கியபோது
திரும்பவும் சொன்னேன்.
வலைப்பந்தில, அம்மா. பந்தைப் பிடிச்சு இறங்கினன்.
கால் நிண்டது. நான் திரும்பினன்.

முதலில் வாயைப் பொத்திக்கொண்டா.
பிறகு பொத்த முடியாமல் சிரித்தா,
பின் இருக்கைக்காரருக்கும் சொல்லிச் சிரித்தா.
எங்கள் பக்கம் நொண்டுகிற ஒரு காலைப் பார்த்துச்
சிரிக்கக் கிடைப்பது லேசில்லை.
நானும் சிரித்தேன், ஆனையிறவு வரைக்கும்.

யாழ்ப்பாணத்தில் அறுத்தார்கள்.
தொடையின் பின்னாலிருந்து ஒரு நாரை உருவி
நாலாய் மடித்து
அறுந்த சிலுவை நாரின் இடத்தில் பூட்டி
இரண்டு திருகாணி இறுக்கினார்கள்.
படிவத்தில் கையெழுத்து வாங்கிய பிறகுதான்
எனக்குள் உலோகம் வைத்தார்கள்.
சித்தப்பாவின் தோளுக்குள் இருப்பது
ஒருவரையும் கேட்டு வந்ததில்லை.

செவ்வாயும் வெள்ளியும் கிளிநொச்சியில் பயிற்சி.
மடக்கு. நீட்டு. மடக்கு.
பக்கத்துக் கட்டிலில் துசாந்தினி
கழற்றி மடியில் வைத்த காலின் சப்பாத்துக்கு
நூல் கோத்துக்கொண்டிருப்பாள்.
எனக்கு எண்ணித் தருவதும் அவள்தான்:
பதினொண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு
களவு களவு என்று நான் கத்த
"இருக்கிற கால்தானேயடி, உழைக்கட்டும்" என்பாள்.

ஒரு விளையாட்டுக்காக அழ
அந்த அறையில் எனக்கு வெட்கமாயிருந்தது.
அதையும் அவளிடமே சொன்னேன்.
"அழன். ஆனா மடக்கிக்கொண்டு அழு."

ஒன்பது மாதம் என்றார் பிசியோ அனோஜன்.
பிள்ளைக் கணக்கு என்று வீட்டில் பகிடி.
தொழிற்சாலையில் என் தையல் மேசையின் அளவுநாடாவால்
சம்பள நாளுக்குச் சம்பள நாள்
இரண்டு தொடையையும் அளந்தேன்.
இரண்டு அங்குலம் குறைவு. ஒன்றரை. முக்கால்.
முக்காலிலேயே நின்றுவிட்டது.
இடது பக்கம் காற்சட்டை இன்னும் தொளதொளக்கிறது.

வட்டக்கச்சி வாய்க்கால் றோட்டில் முதல் ஓட்டம்.
ஒரு நாய் துரத்தியது.
ஓடப் பயந்து நின்றுவிட்டேன்.
அதற்கு இது பழக்கமில்லை,
தானும் நின்று
என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது.

நேற்று விசுவமடுவில் ஆட்டம். கிரவல் தரை.
என்னுடைய சென்டர் இலச்சினை இப்போது
டிலக்சியின் நெஞ்சில்.
எனக்கு விங் டிஃபென்ஸ், அதுவும் மூன்றாம் பகுதியில்.
டிலக்சி நன்றாக விளையாடுகிறாள்.
எரிச்சலாக இருந்தது. எழுதத்தானே வேண்டும்.

பந்து உயரத்தில் வந்தது.
என்னைக் கேட்காமலே உடம்பு துள்ளியது.
கையில் பந்து வந்த பிறகுதான்
இறங்க வேண்டும் என்பது ஞாபகம் வந்தது.

பதினொரு மாதமாய்க் கண்ணாடிக்கு முன்னால்
முழங்கால் உள்ளே சாயாமல்
எத்தனை ஆயிரம் தரம் இறங்கியிருப்பேன்.
ஒன்றும் நினைவில் இல்லை.
இடதில் இறங்கினேன்.

நின்றது.

நின்றதா என்று குனிந்து பார்த்தேன்,
பார்த்துக்கொண்டே ஓரடி வைத்தேன்,
நம்பாமல் இன்னோரடி

விசில்.
ஸ்டெப்.
நடுவரின் கை மற்றப் பக்கம் நீண்டது.

"எருமை! பந்தை எறியாமல் எங்கை நடக்கிறாய்?"
டிலக்சி தொண்டை கிழியக் கத்தினாள்.
முழங்காலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.
கோட்டுக்கு வெளியே துசாந்தினி புள்ளிகளை
பிழையாய் எண்ணிக்கொண்டிருந்தாள், எங்களுக்கு இரண்டு கூட்டி.

பந்தைக் கொடுத்தேன்.
மூன்றடி தள்ளி நின்று
கைகளை உயர்த்தினேன்.