மூன்றில் இரண்டு

நேற்றுத்தான் திறந்து கழுவினோம்.
ஆனாலும் சுவரில் அந்தச் சிவப்பு விளக்கு
மூன்றில் இரண்டு என்கிறது.
திருக்கோவிலில் சொன்னது, கோமாரியில் சொன்னது,
வெறும் தொட்டியோடு நின்ற நாளிலும் சொன்னது.
உள்ளே எங்கோ ஒட்டிக் காய்ந்த ஒரு துண்டு
அதற்குச் சாட்சி.

இரண்டு சில்லு, ஒரு கட்டில், மூடாத ஒரு ஜன்னல்.
அறுகம்பைக்கு அலை பிடிக்க வந்தவன்
விமானத்துக்கு முந்தின நாள்
பாதி விலைக்குத் தந்துவிட்டுப் போனான்.
அடுப்பைக் காட்டினான். பிரேக் லைட் வயரைக் காட்டினான்.
கீழே இரண்டு தொட்டி:
சாம்பல், கறுப்பு.
மிச்சம் உனக்கே விளங்கும் என்று சிரித்தான்.

விளங்கியது, ஆறாம் நாள்.

கோமாரியில் கூட்டாளியின் வளவு.
கக்கூஸ் குழிக்குள் ஹோஸை விட்டு
வால்வைத் திறந்தே வைத்தேன், அதுதான் சுகமென்று.
தண்ணீர் ஓடிவிட்டது.
மற்றது இருந்தது.
இருந்து, காய்ந்து, மேல்நோக்கி வளர்ந்தது.
டோர்ச் அடித்துப் பார்த்த தவரூபி
"புத்து" என்றாள்.
"பாம்புதான் இன்னும் வரல்ல."

பாதித் தொட்டிக்குச் சுடுதண்ணீர் ஊற்றி
பாணமைப் பாதையில் இழுத்துக்கொண்டு போனேன்.
வாழ்க்கையில் முதன்முறையாக
பள்ளம் பார்த்துப் பார்த்து விட்டேன்.
பின்னால் குலுங்கிக் குலுங்கிக்
கரைந்துகொண்டு வந்தது எங்கள் வாரம்.

முப்பத்தொரு வருஷம் கல்முனை ஆஸ்பத்திரியில்
வார்டு பார்த்தவள்.
"லைட்டை நம்பாதீங்க" என்றாள்.
நோயாளியின் கட்டிலில் தொங்குமே, அந்தத் தாளைப் போல
கோடு போட்டுக் கதவில் ஒட்டினாள்.
உள்ளே போனது. வெளியே வந்தது.
அளவு லீற்றரில், நேரம், கையொப்பம்.
இரவு இரண்டு மணிக்கு எழும்பினாலும்
பேனை தேடவேண்டும்.

கடதாசியால் துடைக்கும் ஊரில் செய்த தொட்டி.
நாங்கள் தண்ணீர்ச் சனம்.
ஒருவருக்கு ஒரு வாரம் என்று அவன் சொன்ன கணக்கு
எங்களுக்கு மூன்றாம் நாளே கழுத்தளவு.

அன்றிரவு களப்போரம்.
நிலவில்லை, ஆளில்லை.
குனிந்தேன். வால்வுக் கைப்பிடி என் கைக்குள் இருந்தது.
ஓர் இழுவை, அவ்வளவுதான்.
அப்போது இருட்டுக்குள் யாரோ வலை வீசினான்,
கொதிக்கும் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி
அது தண்ணீரில் விழுந்தது.
ஜன்னலுக்குள்ளிருந்து அவள் குரல்:
"விடிய இறால் வாங்கினது ஆரிட்ட?"

கைப்பிடியை விட்டேன்.
மணந்துகொண்டே படுத்தோம்.

காலையில் வந்தது கலி பவுசர், அக்கரைப்பற்றிலிருந்து.
இறங்கிக் குனிந்து பார்த்த ஆதம்லெப்பைக்குச் சிரிப்பு.
"இதுக்கா கூப்பிட்டீங்க? எனக்கு இது ஒரு முடறு.
கறுப்ப முதல்ல உடுங்க, சாம்பல் மறுகா.
உடுப்புத் தோச்ச தண்ணி வந்து
ஹோஸக் கழுவிரும்."
இவ்வளவையும் அலை பிடித்தவன்
ஒரு சிரிப்புக்குள் மடித்து வைத்துப் போயிருக்கிறான்.

ஹோஸின் நடுவே கண்ணாடி முழங்கை ஒன்று.
அதற்குள்ளால் போனோம் நாங்கள் இருவரும்,
யார் எவரென்று பிரியாமல்.
மண்ணிறம், பிறகு தேயிலை நிறம்,
பிறகு சவர்க்கார நுரை,
பிறகு ஒன்றுமில்லை.
சேலைன் போத்தலைப் பார்க்கும் கண்ணால்
கடைசிச் சொட்டுவரை பார்த்து நின்றாள் ரூபி.

தேத்தண்ணி குடிக்க உள்ளே வந்தவர்
எங்கள் குழாயில் கை கழுவினார்,
சவர்க்காரம் போட்டு, இரண்டு தரம், முழங்கைவரை.
சிங்க்கின் கீழே அது இறங்கும் சத்தம்
எல்லோருக்கும் கேட்டது.

அவர் போனதும் கதவுத் தாளில் எழுதினாள்:
விருந்தாளி, கை. மூன்று லீற்றர்.

விளக்கைப் பார்த்தேன்.
அதே மூன்றில் இரண்டு.