விசில்

வெள்ளிக் குத்துவிளக்கு வரும் என்று
சொல்லி வைத்திருந்தார்கள் போல,
தெருவே வந்து உட்கார்ந்திருந்தது.
திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறி
தலைஞாயிறு வரை
மடியில் வைத்துக்கொண்டே வந்தது
இருபது லிட்டர் பெயின்ட் வாளி.
நான் வேலை பார்க்கும் கடையில் காலியானது,
மூன்று தடவை கழுவியது.
மூடியில் மஞ்சள் குங்குமம்.
அதுவரைக்கும் சரி.

மூடியை நெம்ப ஸ்க்ரூடிரைவர் கேட்டபோதுதான்
முகங்கள் மாறின.

தங்கையின் மாமியார் ராசலட்சுமி
ஒவ்வொன்றாக எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார்.
டார்ச். பெரிய சைஸ் பேட்டரி எட்டு.
நாற்பது முழம் நைலான் கயிறு.
குளோரின் மாத்திரை,
உப்புச் சர்க்கரைப் பொட்டலம் பன்னிரண்டு,
தலையில் மெழுகு தோய்த்த தீக்குச்சிகள்
(ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதுதான் வேலை எனக்கு).
பதினெட்டுக்குப் பன்னிரண்டில் நீலத் தார்ப்பாய்,
அது தாம்பாளத்தில் அடங்கவில்லை.
அதிரசத்துக்கும் முறுக்குக்கும் நடுவில்
கடைசியாக ஒரு சிவப்பு விசில்.

யாரோ ஒரு பையன் ஊதிப் பார்த்தான்.
வாய்க்காலில் வாத்துகள் கலைந்தன.
"தங்கச்சிய கண்டக்டர் வேலைக்கு அனுப்பறீங்களா?"
சிரித்தார்கள்.
மாப்பிள்ளை குலோத்துங்கனும் சிரித்தார், பாவம், மெதுவாக.
நானும் சிரித்தேன்.
ஐப்பசியில் சிரித்துவிட வேண்டும்.

பவதாரணி மட்டும்
வாளியின் அடியில் கையை விட்டு
ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையை எடுத்தாள்.
உள்ளே ஒன்றுமில்லை.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கஜா வந்தபோது அவளுக்குப் பதினாறு.
தீபாவளி முடிந்து பத்தாம் நாள்.
பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை
அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள், கெட்டிக்காரி.
ஓடு சரிந்து பானை உடைந்தது.
காலையில் கொடியில் காயப்போட்டோம்:
கணக்கில் தொண்ணூற்றியிரண்டு,
காய்ந்த பிறகு வெறும் இரண்டு.
அந்த இரண்டைச் சொல்லி
இன்றைக்கும் சிரிப்பாள்.

விசிலைப் பற்றி
அவளிடம்கூட நான் சொன்னதில்லை.
பின்கட்டுச் சுவருக்கு அடியில் கோவிந்தம்மாள்
விடிய விடியக் கத்தியிருக்கிறாள்.
காற்று அத்தனையையும் தின்றுவிட்டது.
குரல் போன பிறகு
கையில் அகப்பட்ட கரண்டியால்
செங்கல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
நாங்கள் கேட்டோம்.
தென்னைமட்டை இடிக்கிறது என்று
நினைத்துக்கொண்டோம்.

தீபாவளியும் அதுவுமாய்
இதையா சொல்வது?
இன்னொரு முறுக்கு எடுத்துக்கொண்டேன்.
மூன்றரை மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அந்த வருஷம் ஒன்றும் வரவில்லை.
வங்கக் கடலில் ஒன்று சுழன்று, பெயர் வாங்கி,
எங்களை விட்டுவிட்டு ஆந்திராவுக்குப் போனது.
ரமணன் ஸ்டோர்ஸில் டார்ச் வாங்கிய இரண்டு பேர்
திருப்பித் தர வந்தார்கள்.
முதலாளி என்னைப் பார்த்தார்.

தை மாதக் கடைசியில் போன் பண்ணினாள்.
கொள்முதல் நிலையத்தில் ஒன்பது நாள் கிடந்த நெல்லுக்கு
திடீர் மழையில் தார்ப்பாய் போய்விட்டது, முழுசாய்.
கயிறு கன்றுக்குட்டிக்கு.
டார்ச் மாமாவோடு ராத்திரி மடைக்குப் போகிறது.
பேட்டரியில் இரண்டு சுவர்க் கடிகாரத்துக்கு ஒத்துவரவில்லை,
ரேடியோவுக்குப் போட்டாயிற்று.
வாளியில் இட்லிக்கு ஊறுகிறது.

உறை?
"நிறைஞ்சுபோச்சுக்கா. பட்டா, ரேஷன் கார்டு,
பயிர் இன்சூரன்ஸ் ரசீது, என் டூப்ளிகேட் மார்க் ஷீட்.
ஜிப் மூட மாட்டேங்குது."

விசில்?
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அது அத்தை சாவிக்கொத்துல.
தூங்கும்போதும் இடுப்புலதான்.
ஏன்னு கேட்டா
சொல்ல மாட்டேங்கறாங்க."

நான் எதுவும் கேட்கவில்லை.

இந்த ஐப்பசிக்கு
ஜிப் உறை பெரியதாக ஒன்று,
பேட்டரி எட்டு,
தார்ப்பாய், இரண்டாகவே வாங்கிவிடலாம்.
விசில் ஒரு டஜன் சொல்லியிருக்கிறேன்.
தெருவே வந்து உட்காரும்.